தன்விருப்பத் தேடல்

தன்விருப்பத் தேடல் என்பது தேடுபவரின் தேவையறிந்து இணையத்திலிருந்து தகவல் திரட்டும் முறை. இதற்குத் துணைகள் இரண்டு. ஒருவரது முந்தைய தேடல்கள், சேமித்த கோப்புகள் ஆகியவற்றிலிருந்து உருவாவது பயனர் விவரம். கருத்துகளையும் அவற்றின் உறவுகளையும் வரையறுப்பது ஆன்டாலஜி. எடுத்துக்காட்டாக, 'தாம்பரம்' சென்னைக்குத் தெற்கே உள்ள ஊர். செம்புக்கும் அதுவே பெயர். இரண்டும் வேறு என்று கணினிக்குச் சொல்வது ஆன்டாலஜி. மின்சார ரயில் நேரம் பார்ப்பவருக்கு ஊரையும், பாத்திர வணிகருக்கு உலோகத்தையும் முன்னிறுத்த உதவுவது பயனர் விவரம்.

வரலாறு

ஆன்டாலஜிக்கு அடிப்படையான பொருள்வழிப் பகுப்பு தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பியம் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை அடுக்கியது. திவாகர நிகண்டு தெய்வம், மக்கள், விலங்கு, மரம், இடம் எனத் தொடங்கிச் சொற்களை 12 தொகுதிகளாக்கியது. அதன் 11ஆம் தொகுதி, ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைக் கூறுவது. தேடுபொறிகளின் இன்றைய சிக்கலும் அதுவே.

இந்திய நூலக அறிவியலின் தந்தை எனப்படுபவர், சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் (1892–1972). சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கணிதம் பயின்றவர். 1924இல் அவர் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1931இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்கவேண்டும் என்பது; நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்துக என்பது. லண்டன் கடையொன்றில் கண்ட மெக்கானோ விளையாட்டுப் பொருளின் துண்டுகள் இணைந்து பல உருவங்களாவது, நூல்களைப் பகுக்க அவருக்கு வழிகாட்டியது. 1933இல் வந்த கோலன் பகுப்புமுறை, ஒரு நூலின் பொருளைப் பல கூறுகளாகப் பிரித்து முக்காற்புள்ளியால் கோத்தது. ஆளுமை, பருப்பொருள், ஆற்றல், இடம், காலம் என்னும் ஐந்து அடிப்படை வகைகள் பின்னர் அதில் நிலைபெற்றன.

நூலகப் பகுப்பு கணினிக்கும் உதவியது. ஆய்வாளர்கள் தாவ், லீ, ஜோங் ஆகியோர் 2011இல் வெளியிட்ட தன்விருப்ப ஆன்டாலஜி மாதிரி, அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் பொருள்தலைப்புகளையே உலக அறிவாகக் கொண்டு, பயனரின் சொந்தச் சேமிப்பை அதனுடன் பொருத்தியது.

இன்றைய நிலை

கூகுள் 2009 டிசம்பரில், உள்நுழையாதவர்க்கும் தன்விருப்பத் தேடலை விரிவாக்கியது. விரும்புவதையே காட்டும் தேடல் மனிதரைக் குமிழிக்குள் அடைக்கும் என்று எழுத்தாளர் எலி பரிசர் 2011இல் எச்சரித்தார். எனினும் வாசகர் நேரம் மிச்சமாவதே பெரும்பயன். தமிழுக்கான தேடல் ஆய்வுகள் குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்திலுள்ள ஏ.யு.-கே.பி.சி. ஆய்வு மையத்திலும் நடைபெற்றுள்ளன.