பயிற்சி ஒளிப்பதிவைப் பார்த்தவர் யார்? பின்னால் சேரும் பெயர்ப் பட்டியல்

இணையவழிப் பயிற்சி முடிந்ததும் அதன் ஒளிப்பதிவுக்கான இணைப்பு எல்லோருக்கும் அனுப்பப்படுகிறது. வகுப்பைத் தவறவிட்டவர்கள் இரவில் கைபேசியில் பார்க்கிறார்கள். யார், எப்போது, எவ்வளவு நேரம் பார்த்தார் என்ற விபரம் மறுபக்கத்தில் பதிவாகிறது என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது.

நான் வசிக்கும் கடுகண்ணாவையிலிருந்து கண்டிக்குப் போகும் வழியில் பேராதனை இருக்கிறது. இலங்கைப் பல்கலைக்கழகங்களை இணைக்கும் 'லேர்ன்' வலையமைப்பு அங்கிருந்தே இயங்குகிறது. 2020இல் கொரோனாவால் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது, அதன் ஊடாகவே மாணவர்கள் சூம் வகுப்புகளுக்குப் பழகினர். இப்போது ஊடகப் பயிற்சி, மனித உரிமை ஆவணப்படுத்தல் பயிற்சி என்று பலவும் இந்த வழியில் நடக்கின்றன.

சூமின் மேகச் சேமிப்பில் உள்ள ஒளிப்பதிவுகளுக்கான பார்வை வரலாற்றை 'ஏபிஐ' மூலம் எடுக்கலாம். ஒரு மென்பொருள் இன்னொன்றிடம் தகவல் கேட்கும் வாசல்தான் ஏபிஐ. கணக்கின் நிர்வாகி முதலில் ஒரு செயலியைப் பதிவு செய்து இரகசியச் சாவி பெறுகிறார். அதைக் கொடுத்தால் ஒரு மணி நேரம் செல்லுபடியாகும் அனுமதிச் சீட்டு கிடைக்கும். அதன்பின் இரண்டு வகையாகக் கேட்கலாம். ஒன்று சுருக்கம்: நாளுக்கு எத்தனை பார்வை, எத்தனை பதிவிறக்கம் என்ற எண்ணிக்கை மட்டும். மற்றது விபரம்: பெயர், மின்னஞ்சல், நேரம், பார்த்த கால அளவு.

எடுப்பவர்கள் கவனிக்க வேண்டியவை சில. ஒரு தடவையில் அதிகபட்சம் ஒரு மாதத்துக்கே கேட்கலாம். நீண்ட பயிற்சிக்கு மாதம் மாதமாக எடுக்க வேண்டும். வாராந்த வகுப்புகள் ஒரே கூட்ட இலக்கத்தில் நடந்திருந்தால், அந்த இலக்கம் கடைசி வகுப்பை மட்டுமே தரும். ஒவ்வொரு வகுப்புக்கும் உள்ள தனி அடையாளத்தைக் கொடுக்க வேண்டும். பட்டியல் நீளமானால் பக்கம் பக்கமாக வரும். முதற்பக்கத்தோடு நிறுத்தினால் மற்றவர்கள் வராதவர்களாகிவிடுவர்.

இந்தப் பட்டியல் வருகைப் பதிவேடு அல்ல. ஒரு கைபேசியைச் சுற்றி நான்கு பேர் இருந்து பார்த்தால் ஒருவர் பெயரே விழும். உள்நுழையாமல் பார்த்தவரின் பெயர் வராமல் போகலாம். பதிவிறக்கி வட்சப்பில் பகிர்ந்தால், அதைப் பார்த்தவர்களின் தடயமே இராது. ஆகவே இதை மட்டும் வைத்து ஒருவருக்குச் சான்றிதழை மறுப்பது நியாயமில்லை.

பெயர்ப் பட்டியல் என்ன செய்யும் என்பது எங்கள் மக்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1983 யூலையில் கொழும்பில் கும்பல்கள் தமிழர் வீடுகளை அடையாளம் கண்டது வாக்காளர் பட்டியல்களைக் கையில் வைத்துக்கொண்டுதான். காணாமல் ஆக்கப்பட்டோர் பற்றிய பயிற்சியைப் பார்த்தவர்களின் பெயரும் மின்னஞ்சலும் ஒரே கோப்பில் இருந்தால், சாவி கசிந்த அன்றே அது பிறர் கைக்குப் போய்விடும்.

அதனால் பயிற்சி நடத்துவோரிடம் நான் கேட்பது இதுதான். எண்ணிக்கை போதுமென்றால் சுருக்கத்தை மட்டும் எடுங்கள். நன்கொடையாளருக்குப் பெயர்கள் அனுப்பப்படுமானால் முன்கூட்டியே சொல்லுங்கள். எடுத்த கோப்பை வேலை முடிந்ததும் அழியுங்கள். நோக்கத்துக்கு மேலாகத் தரவைப் பயன்படுத்தவோ வைத்திருக்கவோ கூடாது என்பதே 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படையும்.

பங்கேற்பவர்களும் இணைப்பைத் திறக்குமுன் மூன்று கேள்விகள் கேட்கலாம்: இந்தக் கணக்கின் நிர்வாகி யார்? பார்வை விபரம் எடுக்கப்படுகிறதா? அது எவ்வளவு காலம் வைத்திருக்கப்படும்? இவற்றுக்குத் தெளிவான பதில் தராத இடத்தில், சொந்தப் பெயரைப் பதியாமலே பார்க்க வழி உண்டா என்று கேட்பதில் தவறில்லை.