மரமும் ஆலையும்: செயலி வரலாறு தரும் பாடம்

கோலசிலாங்கூர் மாவட்டத்துத் தென்னமரம் தோட்டத்தில் 1917ஆம் ஆண்டு ஹென்றி ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் செம்பனை பயிரிட்டார். இந்நாட்டில் வாணிகத்திற்கெனச் செம்பனை நட்டது அதுவே முதன்முறை. அந்நாளில் நட்டது தடித்த ஓடுடைய டூரா இனம். 1960ஐ ஒட்டி, மெல்லிய ஓடும் மிகுந்த சதையும் கொண்ட டெனெரா இனம் பரவலாயிற்று. கனியின் இயல்பு மாறவே பிழியும் பொறியும் மாறியது. திருகுப் பிழிபொறி ஆலைகளில் இடம்பெற்றது. மரத்தை மாற்றியவர் ஆலையையும் மாற்ற வேண்டியிருந்தது.

கணினி வரலாறு புகட்டுவதும் இதுவே. ஒவ்வொரு செயலிக் குடும்பத்திற்கும் தனிக் கட்டளைத் தொகுதி உண்டு. அதுவே அதன் மொழி. ஒன்றுக்கெனத் தொகுத்த மென்பொருள் மற்றொன்றில் நேரே இயங்காது.

1978இல் இண்டெலின் 8086 செயலியோடு தோன்றியது எக்ஸ்86 குடும்பம். பலருக்கும் ஒருங்கே பணிசெய்யும் சர்வர் கணினிகளுக்கென, இண்டெலும் ஹியூலெட் பேக்கார்டும் உருவாக்கிய இட்டானியம் 2001இல் புதுமொழியுடன் வந்தது. எக்கட்டளைகளை ஒருசேர இயக்கலாம் என்று முன்கூட்டியே வகுக்கும் பொறுப்பு அதில் தொகுப்பி மென்பொருளைச் சார்ந்தது. சர்வர் பணியிலோ எந்தத் தரவு நினைவகத்திலிருந்து எப்போது வந்து சேரும் என்று முன்னறிதல் அரிது. பழைய எக்ஸ்86 மென்பொருளும் அதில் மந்தமாகவே ஓடிற்று. 2003இல் ஏஎம்டி நிறுவனம் எக்ஸ்86 மொழியையே 64 பிட்டுக்கு விரித்து ஆப்டெரானை வெளியிட்டது. பழைய மென்பொருள் விரைந்து ஓடியது. புதியதற்கும் வழி பிறந்தது. மறு ஆண்டே இண்டெலும் அவ்வழி சென்றது. இட்டானியம் 2021இல் விடைபெற்றது.

1985இல் கேம்பிரிட்ஜில் பிறந்த ஆர்ம் குடும்பத்தின் கதை வேறு. 2018இல் அமேசான் அதனைத் தன் கிராவிட்டான் சர்வர்களில் புகுத்தியபோது, லினக்ஸும் தொகுப்பிகளும் முன்னரே அதற்கெனப் பண்பட்டிருந்தன. ஆகவே பல பணிகளில் செலவு குறைந்தது. எனினும், எக்ஸ்86இன் சிறப்புக் கட்டளைகளை நம்பி எழுதிய பகுதிகளைத் திருத்தி எழுதாவிடில் அங்கும் வேகம் குன்றும்.

இண்டெலும் ஏஎம்டியும் 1972இல் பினாங்கில் ஆலை திறந்தன. அன்று பிறர் வடித்த சில்லைக் கோத்துத் தந்த நாடு, 2025இல் ஆர்முடன் பத்தாண்டுகளுக்கு 25 கோடி அமெரிக்க டாலர் ஒப்பந்தம் செய்து, தானே சில்லை வடிக்க முனைந்துள்ளது. இது புது மரம் நடுவது போன்றது. அதற்கேற்ற ஆலை, அம்மொழியறிந்து மென்பொருள் ஆக்கும் இளைஞர் கூட்டமே. தோட்டங்களில் பால்மரம் வெட்டியோரின் பேரப்பிள்ளைகள் அக்கூட்டத்தில் இருப்பார்களா என்பதற்கு விடை, நம் வகுப்பறைகளில் இருக்கிறது.