நடுக்களம்: உழைப்பு யாருக்கு, கோல் யாருக்கு?

களம் என்ற சொல்லுக்கு எங்கள் பக்கத்தில் இரண்டு பொருள். ஒன்று கதிரடிக்கிற களம். மற்றது பத்திரிகைக்காரர்கள் எழுதுகிற விளையாட்டுக் களம். முதல் களத்துல எங்க ஆயா காலம் பூரா நின்னாங்க. அடிச்சாங்க, தூத்துனாங்க, மூட்டை கட்டுனாங்க. மூட்டை வண்டியேறி ஊருக்குள்ள போயிடும். களத்தைக் கூட்டி அள்ளுனா மண்ணும் பதரும் கலந்து கொஞ்சம் நெல்லு மிஞ்சும், அதுதான் சேரிக்கு. இரண்டாவது களத்தில் எங்கள் தெருப் பெண்கள் யாரும் நின்றதாக எந்த ஏட்டிலும் இல்லை.

இந்த இரண்டு களத்தையும் சேர்த்து யோசிக்க வைத்தது ஒரு பெண்ணின் விளையாட்டு வாழ்க்கை. கடலூர் இந்துமதி கதிரேசன், இந்தியப் பெண்கள் கால்பந்து அணியின் நடுக்கள ஆட்டக்காரர். அவர் என்ன சாதி என்று துருவுவது இந்தக் கட்டுரையின் வேலை அல்ல. அரியலூரிலிருந்து அதிக தூரமில்லாத ஒரு ஊரிலிருந்து, பணமோ பரம்பரைப் பேரோ துணைக்கு இல்லாத இடத்திலிருந்து, ஒரு பெண் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தார், போன பிறகு அவருக்கு என்ன கிடைத்தது என்பதே கேள்வி.

நடுக்கள ஆட்டக்காரர் என்றால் யார்? பின்னால் நிற்பவர் தடுப்பார், முன்னால் நிற்பவர் அடிப்பார். நடுவில் நிற்பவர் இரண்டையும் செய்ய வேண்டும். பின்னாலிருந்து பந்தை வாங்கி, திரும்பி, ஆள் பார்த்து முன்னால் கடத்த வேண்டும். பந்து பறிபோனால் ஓடிப்போய் மீட்கவும் வேண்டும். அதிகம் ஓடுவது பெரும்பாலும் இவர்தான். மறுநாள் பேப்பரில் பேர் வருவதோ கோல் போட்டவருக்கு. கதிரடித்த கைக்கும் மூட்டை போய்ச் சேர்ந்த வீட்டுக்கும் உள்ள உறவு இங்கேயும் இருக்கிறது.

இந்துமதி 1994-இல் பிறந்தவர். 2017 ஜனவரி 4 அன்று சிலிகுரியில் நடந்த தெற்காசிய சாம்பியன்ஷிப் இறுதியாட்டத்தில் வங்கதேசத்தை இந்தியா 3-1 என்று வென்றபோது மூன்றாவது கோல் அவருடையது. 2018-இல் ஒடிசாவில் நடந்த தேசியப் போட்டியில், பலமுறை கோப்பையை வென்றிருந்த மணிப்பூரை 2-1 என்று தோற்கடித்து, தமிழ்நாட்டுப் பெண்கள் அணி முதல்முறையாகப் பட்டம் வென்றது. அந்த அணியிலும் அவர் இருந்தார். 2019 மார்ச்சில் நேபாளத்தின் விராட்நகரில் இந்தியா மறுபடியும் தெற்காசியக் கோப்பையை வென்றது. அதே ஆண்டு மே மாதம் லூதியானாவில் மதுரை சேது அணி மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வென்று இந்தியப் பெண்கள் லீக் பட்டத்தைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தது. அந்த அணியிலும் இந்துமதி ஆடினார்.

இவ்வளவும் சாதித்தவர் 2020-இல் கொரோனா ஊரடங்கின்போது எங்கே இருந்தார்? சென்னையில் தெருவில் நின்று போலீஸ் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர். அந்த வேலையை நாம் குறைத்துப் பேசவில்லை. எஸ்.ஐ. வேலை என்பது நம் வீடுகளில் மூன்று தலைமுறையின் கனவு. ஆனால் ‘தொழில்முறை ஆட்டக்காரர்’ என்ற பட்டத்துக்குள் இருக்கும் பொத்தலையும் பார்க்க வேண்டும். ஆண்களின் ஐ.எஸ்.எல். 2014-இல் பெரும் பணத்தோடு தொடங்கியது. பெண்கள் லீக் தொடங்கியது 2016-17-இல். அதுவும் பல ஆண்டுகள் இறுதிச் சுற்றை ஒரே ஊரில் கூட்டிவைத்துச் சில வாரங்களில் முடித்துவிட்டார்கள். சொந்த ஊரிலும் எதிரணி ஊரிலும் மாறி மாறி ஆடும் முறை 2023-24-இல்தான் வந்தது. சில வார ஆட்டத்தை வைத்து வருஷம் பூரா எவள் சோறு தின்ன முடியும்? சோறு போட்டது ஸ்போர்ட்ஸ் கோட்டாவும் அரசு வேலையும்தான். இடஒதுக்கீட்டையும் அரசு வேலையையும் கேலி பேசுகிறவர்கள் இதையும் எண்ணிப் பார்க்கட்டும்.

இது ஒரு பெண்ணின் கதை மட்டும் இல்லை. 1921-இல் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம், பெண்களுக்கு இந்த ஆட்டம் ஏற்றதல்ல என்று சொல்லித் தன் மைதானங்களை அவர்களுக்கு மூடியது. ஐம்பது வருஷம் கழித்துத்தான் தடை நீங்கியது. இந்தியாவில் 1975-இல் பெண்கள் கால்பந்துக்கென்று தனிச் சங்கம் உருவானது. 1980-இல் கோழிக்கோட்டில் நடந்த ஆசியப் போட்டியில் இந்தியப் பெண்கள் இரண்டாம் இடம் பிடித்தார்கள். 1983-லும் அப்படியே. அவர்களில் ஒருத்தியின் பேரையாவது நம் பாடப்புத்தகம் சொன்னதுண்டா?

தீண்டாமையும் மைதானமும் சேர்ந்த வரலாறு இதைவிடப் பழையது. பல்வங்கர் பாலு என்ற தலித் பந்துவீச்சாளர் 1911-இல் இங்கிலாந்து போய் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தார். பூனாவில் அவர் பந்தை வீசச் சொன்ன அதே ஆட்கள், தேநீர் நேரத்தில் அவரை வெளியே நிறுத்தி மண்குவளையில் கொடுத்தார்கள். அவர் கை தொட்ட பந்து தீட்டில்லை, வாய் வைத்த குவளை தீட்டு. கடைசிவரை அவருக்குத் தலைமைப் பொறுப்பு தரவில்லை. உழைப்பை எடுத்துக்கொண்டு மரியாதையை மறுக்கிற அதே களத்துக் கணக்குதான் இதுவும்.

இப்போது எங்கள் மண்ணுக்கு வருகிறேன். பெரம்பலூர் 1995-இல் திருச்சியிலிருந்து பிரிந்தது. அரியலூர் 2007-இல் தனி மாவட்டமாக நிலைத்தது. இங்கே சுண்ணாம்புக்கல் தோண்டிய பள்ளம் உண்டு, சிமெண்ட் லாரி உண்டு, பருத்தியும் மக்காச்சோளமும் முந்திரியும் உண்டு. சேரிப் பெண் பிள்ளை பந்து உதைக்க ஒரு திடல் உண்டா என்று கேட்டால் பதில் இல்லை. ஊர்த் திடல் கோயில் திடலாக இருக்கும், அங்கே நம் பையன்களே தயங்கித்தான் நிற்பார்கள். மிச்சமிருந்த புறம்போக்கும் நாளுக்கு நாள் சுருங்குகிறது.

நான் படித்த பள்ளியில் பி.டி. பீரியடில் பையன்கள் விளையாடுவார்கள், நாங்கள் மைதானத்தில் கல் பொறுக்குவோம். கூட்டச் சொல்லி விளக்குமாறு வாங்கிய கைகள் எந்தத் தெருக் கைகள் என்று சொல்ல வேண்டியதில்லை. என்னோடு ஒருத்தி இருந்தாள். மான் மாதிரி ஓடுவாள். ஒருநாள் பந்து அவள் பக்கம் உருண்டு வந்தது. ஓங்கி ஒரு உதை விட்டாள். அது மைதானத்தின் அந்தக் கோடிக்குப் போனது. எல்லோரும் சிரித்தார்கள். சாயங்காலம் சேதி வீட்டுக்குப் போய்விட்டது. “ஏ புள்ள, வயசுக்கு வந்தவ காலைத் தூக்கி ஒதைக்கலாமா?” என்று அவள் ஆயா கேட்டது எனக்கு இன்னும் கேட்கிறது. பத்தாவதோடு மில் வேலைக்குப் போனாள். அவள் நடுக்களத்தில் ஆடியிருப்பாளா, முன்வரிசையில் ஆடியிருப்பாளா என்று யாரும் கண்டுபிடிக்கவே இல்லை.

தகுதி, திறமை என்று பேசுகிறவர்களிடம் அரியலூர்க்காரர்களுக்கு ஒரு பதில் உண்டு. குழுமூர் அனிதா 1200-க்கு 1176 மார்க் வாங்கினாள். ஓடி முடித்துவிட்ட பிறகு கோட்டை வேறு இடத்தில் போட்டு அவளைத் தகுதியில்லாதவள் என்றார்கள். 2017 செப்டம்பர் 1 அன்று அவளை இழந்தோம். மைதானத்திலும் அதே சங்கதிதான். திடல் தராமல், பந்து தராமல், உதைத்தால் சிரித்துவிட்டு, பிறகு ‘உங்க பிள்ளைங்க யாரும் மேலே வரலையே’ என்பார்கள்.

கடலூரில் ஒரு பயிற்சிக்கூடம் இருந்தது, காலையும் மாலையும் நின்று சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தார்கள். அதனால்தான் அங்கிருந்து ஒருத்தி அல்ல, பலர் வந்தார்கள். திறமை கடலூரோடு நின்றுபோகிற பொருள் இல்லை. செந்துறையிலும் வேப்பந்தட்டையிலும் அது இருக்கிறது. இல்லாதது நிலம்.

ஆகவே இதைப் படிக்கிற மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் ஊர்ப் புறம்போக்குக் கணக்கைக் கேட்டு வாங்குங்கள். எந்தத் திடல் யார் கையில் இருக்கிறது என்று எழுதுங்கள். ஓட்டத்தை நிறுத்திய பெண்களிடம் உட்கார்ந்து கேட்டு எழுதுங்கள். கோல் போட்டவர்களின் வரலாறு எப்படியும் வந்துவிடும். பந்தைக் கடத்திக்கொடுத்தவர்களின் வரலாற்றை, பந்தே கிடைக்காமல் போனவர்களின் வரலாற்றை, நாம்தான் எழுத வேண்டும். எங்க ஆயா நின்ன களம் அவங்களுக்குச் சொந்தமில்ல. எங்க பேத்திங்க நிக்கப்போற களமாவது அவங்க களமா இருக்கணும்.