1980-ஆம் ஆண்டின் வெற்றிப் பட்டியல்



வரலாற்றாசிரியன் ஒருவன் விளையாட்டைப் பற்றிப் பேச முற்படுவது உங்களுக்குச் சிறிது வியப்பாக இருக்கலாம். மன்னர்களும் போர்களும் உடன்படிக்கைகளும் அன்றோ அவனுக்குரிய பொருள் என்று நீங்கள் கேட்கக்கூடும். ஆயினும், தாம்பரத்தை அடுத்த பள்ளி ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வரலாறு கற்பித்த காலத்தில், சான்றுகளை எப்படிப் படிக்க வேண்டும் என்பதை மாணவர்க்கு விளக்க நான் பெரிதும் துணைக்கொண்டது ஒரு விளையாட்டுப் பட்டியலைத்தான். ஆண்டுதோறும் பள்ளி திறந்த சில நாட்களில், 1980-ஆம் ஆண்டில் உலகெங்கும் நடைபெற்ற பெரும் பந்தயங்களின் முடிவுகளைக் கரும்பலகையில் திங்கள் வாரியாக எழுதிப்போடுவேன்.

அவ்வாண்டை நான் தேர்ந்துகொண்டதற்குக் காரணம் எளிது. அப்போது நான் தாம்பரத்தில் கல்லூரி மாணவன். அந்த முடிவுகளுள் பெரும்பாலானவற்றை வானொலியில் கேட்டவன். ஒன்றை மட்டும் கண்ணாலும் கண்டவன்.

கண்ணாற் கண்டது சேப்பாக்கத்தில். ஜனவரித் திங்களில், பொங்கல் வாரத்தில், இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் இடையே ஐந்தாவது டெஸ்ட் பந்தயம் அங்கு நடைபெற்றது. தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறிப் பார்க் நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து நடந்தே மைதானத்தை அடைந்தோம். நான் சென்ற நாளில் கவாஸ்கர் ஆடிக்கொண்டிருந்தார். அவசரம் என்பதே அறியாதவர் போல அவர் நின்ற நிலை இன்றும் என் கண்முன் நிற்கிறது. அவர் எடுத்த ஓட்டங்கள் 166. கபில் தேவ் மட்டையால் 84 ஓட்டங்களும் பந்தால் 11 விக்கெட்டுகளும் எடுத்தார். இந்தியா 10 விக்கெட் வித்தியாசத்தில் வென்றது, தொடரும் நம்முடையதாயிற்று. 1952-53-க்குப் பிறகு பாகிஸ்தானை நாம் ஒரு தொடரில் வென்றது அப்போதுதான்.

மார்ச்சில் லண்டனில், பிரகாஷ் படுகோன் அகில இங்கிலாந்து பாட்மிண்டன் பட்டத்தைப் பெற்றார். அதற்கு முந்திய ஈராண்டுகளிலும் அப்பட்டத்தை வென்றிருந்த இந்தோனேசியாவின் லிம் ஸ்வீ கிங்கை 15-3, 15-10 என்று அவர் வீழ்த்தினார். அப்பட்டத்தைப் பெற்ற முதல் இந்தியர் அவரே. ஜூலை 5-இல் விம்பிள்டனில் பியார்ன் போர்க், மெக்கன்ரோவை ஐந்து செட்டுகளில் வென்று தொடர்ந்து ஐந்தாம் முறையாக வாகை சூடினார். நான்காம் செட்டின் டை-பிரேக் மட்டும் 18-16 வரை நீண்டது. அதில் தோற்றும் கடைசிச் செட்டை 8-6 என்று அவர் எடுத்தார். ஐரோப்பியக் கால்பந்தில் மேற்கு ஜெர்மனி. லேக் பிளாசிட் குளிர்கால ஒலிம்பிக்கில் சோவியத் பனி ஹாக்கி அணியை வீழ்த்திய அமெரிக்க இளைஞர்கள். அக்டோபரில் லாரி ஹோம்ஸிடம் தோற்ற முகம்மது அலி. கரும்பலகை நிரம்பிவிடும்.

இவை யாவற்றினும் பெரிய எழுத்தில் நான் எழுதியது ஒன்று: ஜூலை 29, மாஸ்கோ, ஹாக்கி இறுதியாட்டம், இந்தியா 4, ஸ்பெயின் 3.

சென்னையைச் சேர்ந்த வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் சென்ற அணி அது. டான்சானியாவை 18-0 என்றும், கியூபாவை 13-0 என்றும் வென்ற அவ்வணி, போலந்தோடும் ஸ்பெயினோடும் 2-2 என்று சமநிலையில் முடித்தது. பின்னர் சோவியத் அணியை 4-2 என்று வென்று இறுதியாட்டத்தை அடைந்தது. அங்கு சுரீந்தர் சிங் சோதி இரண்டு கோல்களும் கௌசிக் ஒன்றும் போட, 3-0 என்று நாம் முன்னேறினோம். உடனே ஸ்பெயினின் ஹுவான் அமாத் இரண்டு கோல்களைத் திருப்பிப் போட்டார். முகம்மது ஷாஹித் நான்காவதைப் போட, அமாத் மீண்டும் ஒன்று போட்டார். எஞ்சிய நிமிடங்களில் நம் தடுப்பாட்டக்காரர்கள் பட்ட பாடு கொஞ்சமன்று. அன்றிரவு தாம்பரம் ரயில் நிலையத்தருகே ஒரு தேநீர்க் கடையில் வானொலிச் செய்தியைக் கேட்டுக்கொண்டிருந்த நாங்கள், முன்பின் அறியாதவர்களையெல்லாம் கைகுலுக்கினோம். ஹாக்கியில் இந்தியாவுக்கு அது எட்டாவது ஒலிம்பிக் தங்கம்.

ஓராண்டு இவ்வாறு எழுதி முடித்துத் திரும்பியபோது, பின் பெஞ்சிலிருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, அந்த வருஷம் பாகிஸ்தான் எந்த இடம்?" என்று கேட்டான். "அவர்கள் வரவில்லை" என்றேன். "ஆஸ்திரேலியா?" "வரவில்லை." "மேற்கு ஜெர்மனி?" வகுப்பு சிரித்தது. "தங்கம் தங்கந்தான், உட்கார்" என்று சொல்லி அவனை அமர்த்திவிட்டேன். வயதில் மூத்தவன் என்ற அதிகாரத்தால் அடக்கினேனேயன்றி விடை கூறினேன் அல்லேன். அவனுக்கு அன்று தந்திருக்க வேண்டிய விடையை இன்று சொல்ல முயல்கிறேன்.

1979 டிசம்பரில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானத்துள் புகுந்தன. அதனைக் கண்டித்து, மாஸ்கோ ஒலிம்பிக்கைப் புறக்கணிக்குமாறு அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்ட்டர் நாடுகளை அழைத்தார். பந்தயங்களில் கலந்துகொண்டவை 80 நாடுகளே. சில நாடுகள் வேறு விளையாட்டுகளுக்கு வீரர்களை அனுப்பியபோதிலும் ஹாக்கி அணியை மட்டும் அனுப்பவில்லை; ஆஸ்திரேலியாவும் நெதர்லாந்தும் அத்தகையவை. 1976-இல் மாண்ட்ரியாலில் பதக்கம் பெற்ற மூன்று அணிகள் நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, பாகிஸ்தான். அம்மூன்றில் ஒன்றுகூட மாஸ்கோ ஹாக்கியில் இல்லை. 1978-இல் உலகக் கோப்பையை வென்றிருந்ததும் பாகிஸ்தானே. ஆறு அணிகள் மட்டுமே ஆடின.

இன்னொரு செய்தியையும் மறைத்தல் முறையன்று. சேப்பாக்கத்தில் நாங்கள் ஆரவாரம் செய்த அதே ஜனவரியில், கராச்சியில் சாம்பியன்ஸ் கோப்பை ஹாக்கி நடைபெற்றது. அதில் பாகிஸ்தான் முதலிடம். ஏழு அணிகளுள் இந்தியா ஐந்தாமிடம். இந்த வரியை நான் ஒருநாளும் கரும்பலகையில் எழுதியதில்லை. மறந்தேன் என்று சொல்ல மாட்டேன்.

ஓட்டமும் நீச்சலும் ஆயின் வராதவரையும் ஓரளவு அளந்துவிடலாம். கடிகாரம் துணை செய்யும். மாஸ்கோவில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் கிழக்கு ஜெர்மனியின் ஃபோல்கர் பெக் 48.70 விநாடியில் ஓடித் தங்கம் பெற்றார். வர முடியாத அமெரிக்கர் எட்வின் மோசஸ், அதே ஜூலைத் திங்கள் 3-ஆம் நாள் மிலான் நகரில் 47.13 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்திருந்தார். மாறாக, 1500 மீட்டர் நீச்சலில் சோவியத் வீரர் சால்னிகோவ் 14 நிமிடம் 58.27 விநாடியில் முடித்தார். 15 நிமிடத்துக்குள் அத்தூரத்தை அதற்குமுன் எவரும் நீந்தியதில்லை. அங்கே யார் வந்தார், யார் வரவில்லை என்ற கேள்விக்கே இடமில்லை. ஹாக்கிக்கு அத்தகைய கடிகாரம் கிடையாது. எதிரணி நின்றால்தான் ஆட்டம்.

இனி, பழைய ஏடுகளைப் புரட்டுவோம். 1928-இல் ஆம்ஸ்டர்டாமில் இந்தியா ஒரு கோலும் வாங்காமல் முதல் தங்கம் பெற்றது. அதற்கு முன் 1920-இல் ஹாக்கித் தங்கம் வென்றிருந்த பிரிட்டன் அங்கு அணியே அனுப்பவில்லை. 1932-இல் லாஸ் ஏஞ்சலிஸில் மொத்தம் மூன்றே அணிகள்; அமெரிக்காவை நாம் 24-1 என்று வென்றோம். அப்பதக்கங்களை எவரேனும் குறைத்துப் பேசக் கேட்டதுண்டா? இல்லை. ஏனெனில் 1928-இல் எழுந்த ஐயம் 1948-இல் தீர்ந்தது. விடுதலை பெற்ற இந்தியா, லண்டனில், வெம்பிளி மைதானத்தில், அதே பிரிட்டனை எதிர்த்து ஆடி 4-0 என்று வென்றது. வராதவர் வந்து நின்றபோதும் முடிவு மாறவில்லை.

1980-இன் ஐயம் தீர்வதற்கு இருபது ஆண்டுகள் ஆகவில்லை. 1982 டிசம்பர் முதல் நாள், தில்லி ஆசிய விளையாட்டு இறுதியாட்டத்தில், நம் மண்ணிலேயே, பாகிஸ்தான் நம்மை 7-1 என்று வென்றது. 1984 ஒலிம்பிக்கில் தங்கம் அவர்களுக்கு, நாம் ஐந்தாமிடம். 2008-இல் பெய்ஜிங்குக்குச் செல்லும் தகுதியையே இழந்தோம்.

அப்படியாயின் மாஸ்கோத் தங்கம் தாழ்ந்ததா? பாஸ்கரனும் அவர் தோழர்களும் எவரையும் வரவேண்டாமென்று தடுக்கவில்லை, வந்தவர்களை வென்றார்கள். 3-0 என்ற நிலை 3-2 ஆகக் குறைந்தபோது நடுங்காமல் ஆடியது அவர்களுடைய சொந்த ஈட்டம். அதை எந்தப் புறக்கணிப்பும் எடுத்துவிட இயலாது. அன்று நாம்தாம் உலகின் தலைசிறந்த அணி என்று பாடம் நடத்தியது என் பிழை. பட்டியல் அவ்வாறு சொல்லவே இல்லை. மாணவன் அவ்வேறுபாட்டைக் கண்டுகொண்டான். அவனை நான் சிரிப்புக்கு ஆளாக்கினேன்.

அந்த எட்டாவது தங்கத்துக்குப் பின் ஒன்பதாவது, 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக் முடிந்த பின்னரும், வந்து சேரவில்லை. டோக்கியோவில் 2021-இலும் பாரிஸில் 2024-இலும் வெண்கலம் கிடைத்தது. பாரிஸில் வெண்கலத்துக்காக நாம் வென்ற அணி, 2-1 என்று, அதே ஸ்பெயின். பாகிஸ்தான் அங்கும் இல்லை. இம்முறை புறக்கணிப்பு ஏதுமில்லை. தகுதிப் பந்தயங்களில் அவர்கள் தேறவில்லை.