நிழலை வரைவது யார்?

கணினித் திரையில் சாளரங்களின் ஓரத்தில் விழும் நிழலை வெறும் அலங்காரமென்று நான் கருதுவதில்லை. பல சாளரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கையில், எது மேலே உள்ளது, நாம் தட்டும் எழுத்து எதிற் சென்று விழும் என்பதைக் கண்ணுக்கு உணர்த்துவது அந்நிழலே.

1984 இல் வெளிவந்த அப்பிள் மக்கின்ரொஷ் கணினியில், வலப்புறமும் கீழும் ஓடிய மெல்லிய கறுப்புக் கோடே நிழல். 2001 இல் வந்த மக் ஓஎஸ் எக்ஸ் இயங்குதளம் எல்லாச் சாளரங்களுக்கும் மென்மையான நிழலைத் தானே வரைந்தது. முன்னிற்கும் சாளரத்துக்குப் பெரிய நிழல், பின்னிற்பவற்றுக்குச் சிறியது.

லினக்ஸ் உலகின் கதை வேறு. அங்கே சாளரங்களுக்குச் சட்டமிடுவது 'சாளர மேலாளர்' என்னும் தனி மென்பொருளின் பணி. 2004 இல் 'கொம்போசிற்' நீட்சி வந்தபின், நிழலையும் ஒரே கை எல்லாவற்றுக்கும் இட முடிந்தது. 2013 இல் க்னோம் 3.10 பதிப்பு, தலைப்புப் பட்டையைத் தானே வரையும் உரிமையைச் செயலிகளுக்கு வழங்கியது. பட்டையோடு நிழலும் இடம்பெயர்ந்தது. எல்லாச் செயலிகளும் அவ்வழியில் செல்லவில்லை. ஆதலால் ஒரே திரையில் ஒன்றுக்கு அடர்ந்த நிழலும் மற்றொன்றுக்கு மங்கலான நிழலும் விழலாயின. சிலவற்றுக்கு நிழலே இல்லாமற் போனது.

பொறுப்பு யாருடையது என்பது தீராத இடத்தில், ஒழுங்கு முதலிற் குலைவது இத்தகைய சிறு விடயங்களிலேதான்.