போர்ட்

சிம் நிறுவனத்தை மாற்றினாலும் பழைய எண்ணையே வைத்துக்கொள்வதை ‘நம்பரை போர்ட் பண்றது’ என்கிறோம். மென்பொருள்காரர்களுக்கும் அதே சொல்தான்: ஒரு இயங்குதளத்துக்கு எழுதிய நிரலை இன்னொன்றிலும் ஓடவைப்பது. சுமந்து செல்வதைக் குறிக்கும் ‘போர்த்தாரே’ என்ற லத்தீன் வினை இதன் வேர். யுஎஸ்பி செருகும் போர்ட் வேறு; அது வாசல் என்னும் பொருளுள்ள ‘போர்த்தா’வின் வழி வந்தது.

சுமை லேசானதல்ல. 1973இல் யூனிக்ஸ் இயங்குதளத்தைப் பெரும்பாலும் சி மொழியில் திருப்பி எழுதினார்கள். ஆனாலும் பிடிபி-11ஐ விட்டு இன்டர்டேட்டா கணினிகளுக்கு அது குடிபெயர 1977 ஆயிற்று. சி மொழியின் முழு எண் வகையான ‘இன்ட்’ பிடிபி-11இல் 16 பிட். இன்டர்டேட்டா 8/32இல் 32 பிட். இந்தத் தலைவலி இன்றும் தீரவில்லை. ‘லாங்’ என்ற இன்னொரு முழு எண் வகை 64 பிட் லினக்ஸில் 64 பிட், 64 பிட் விண்டோஸிலோ 32தான். சி மொழியின் தரநிலை குறைந்தபட்ச அளவை மட்டும் சொல்லிவிட்டு மிச்சத்தைக் கம்பைலரிடம் விட்டிருக்கிறது. வேண்டுமென்றே விட்டதுதான், வன்பொருளுக்கு ஏற்ற வேகம் அதனால்தான் கிடைக்கிறது.

‘போர்ட்டபிள்’ என்றதும் சிலர் ‘கையடக்கமான’ என்று எழுதிவிடுகிறார்கள். வானொலிப் பெட்டிக்கு அது சரி. நிரலுக்கு அளவு பொருட்டே இல்லை. ‘பெயர்க்கத்தக்க’ என்பதே பொருந்தும்.