இரண்டு வட்டு, ஒரே பிரதி

வீட்டுப் பாடல்களையும் நிழற்படங்களையும் சிற்றலுவலகக் கணக்குகளையும் ஓரிடத்தில் சேர்த்துவைத்து, அங்குள்ள கணினிகள் அனைத்திற்கும் வழங்குவது வலையமைப்புச் சேமிப்பகம். கடைக்காரர் மொழியில் ‘நாஸ்’. எதை வாங்குவது என்று ஆராயுமுன் அதன் வரலாற்றைச் சற்றே அறிந்துகொள்வோம். அப்பெட்டி எதற்காகப் பிறந்தது என்று தெரிந்தால், எதற்கு உதவாது என்பதும் விளங்கும்.

1956இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட ராமாக் கணினியில் இரண்டடி விட்டமுள்ள 50 வட்டுகள் சுழன்றன. அவற்றில் அடங்கியவை 50 இலட்சம் எழுத்துகளே. பெருங்கணினிகளின் வட்டுகள் நெடுங்காலம் பெருஞ்செலவு பிடித்தன. 1984இல் சன் நிறுவனம் என்.எஃப்.எஸ். என்னும் நெறிமுறையை உருவாக்கியது. வேறொரு கணினியிலுள்ள கோப்பைத் தன்னுடையதுபோலவே திறக்கும் வசதி இதனால் பரவியது.

1988இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகிய மூவரும் ஒரு கட்டுரை எழுதினர். மலிவான சிறு வட்டுகள் பலவற்றை அணிசேர்த்தால் பெருவட்டுக்கு ஈடாகும் என்பது அதன் கருத்து. ஆனால் வட்டுகள் பெருகப் பெருக, அவற்றுள் ஒன்றேனும் பழுதாகும் வாய்ப்பும் பெருகுமல்லவா? ஆகவே ஒன்றின் இழப்பை மற்றவை ஈடுசெய்யுமாறு மிகைத்தரவு சேர்த்தனர். அதுவே ‘ரெய்டு’. அப்பெயரில் முதலில் இருந்த ‘மலிவான’ என்னும் சொல்லைத் துறையினர் பின்னாளில் ‘சுதந்திரமான’ என மாற்றிக்கொண்டனர். மலிவு என்ற சொல்லை வைத்து விலையுயர்ந்த பெட்டியை விற்பது எளிதன்று!

ரெய்டு வட்டின் பழுதிலிருந்து காக்கும். மனிதப் பிழையிலிருந்து காக்காது. ஒரு வட்டில் அழித்தது அக்கணமே இணைவட்டிலும் அழியும். 1998இல் பிக்சார் நிறுவனத்தில் ‘டாய் ஸ்டோரி 2’ உருவாகிக்கொண்டிருந்தபோது, தவறாக இடப்பட்ட ஓர் ஆணை படக்கோப்புகளில் பெரும்பகுதியை அழித்தது. காப்புப் பிரதிகளும் கைகொடுக்கவில்லை. கைக்குழந்தையோடு வீட்டிலிருந்து பணிபுரிவதற்காகத் தொழில்நுட்ப இயக்குநர் கேலின் சூஸ்மன் தம் வீட்டுக் கணினியில் வைத்திருந்த பிரதியே இழந்தவற்றை மீட்டுத் தந்தது.

ஆகவே நம் பரிந்துரை எளியது. வீட்டிற்கு இருவட்டுப் பெட்டி போதும். நாலைந்து பேர் பணிபுரியும் அலுவலகத்திற்கு நான்குவட்டுப் பெட்டி ஏற்றது. 4 டெராபைட் வட்டுகள் நான்கினை ரெய்டு 5 முறையில் இணைத்தால் 12 டெராபைட் இடம் கிட்டும். மின்தடைக்கு ஒரு யு.பி.எஸ். வேண்டும். பெட்டியை இணையத்திற்கு நேரே திறந்து வைத்தலாகாது. எல்லாவற்றிற்கும் மேலாக, பெட்டியின் விலையில் சிறிது மிச்சம்பிடித்து ஒரு வெளிவட்டு வாங்கி, பிரதியெடுத்து, வேறொரு கூரையின்கீழ் வைக்கவேண்டும்.

தமிழ் படித்த நமக்கு இது புதிதன்று. உ.வே.சா. சுவடி தேடி ஊர்ஊராக அலைந்தபோது, ஓர் ஏட்டில் சிதைந்த அடியை வேறோர் ஊரின் ஏடு தந்தது. இரண்டும் ஒரே பேழையில் இருந்திருந்தால் ஒரே கறையான் தின்று தீர்த்திருக்கும்.